அலாஸ்கா மூஸ் வேட்டைச் சாமான்கள்: பல பருவங்கள் பயன்படுத்திய அனுபவம்

மான் இனத்திலேயே மிகப் பெரியதான மூஸின் வேட்டைக்குத் தயாராகிறவர்கள் பெரும்பாலும் துப்பாக்கியிலிருந்து தொடங்குகிறார்கள். பல வருடங்களாகச் செப்டம்பரில் மேற்கு அலாஸ்காவின் ஆற்றங்கரைகளுக்குப் போய்வரும் என்னைக் கேட்டால், கறியிலிருந்து தொடங்குங்கள் என்பேன். நன்கு வளர்ந்த அலாஸ்கா ஆண் மூஸ் 700 கிலோவைத் தொடும். தோல், தலை, குடல், எலும்பு எல்லாம் போக 225 கிலோ அளவுக்குக் கறி நிற்கும். அதை உடனே ஆறவைத்து, ஈரம் போக்கி, கரடியிடமிருந்து காத்து, விமானம் இறங்கும் இடம்வரை சுமந்து சேர்ப்பதுதான் பயணத்தின் பெரும்பாடு. ஒவ்வொரு சாமானையும் அந்த வேலையை மனதில் வைத்தே இங்கே எடைபோடுகிறேன்.

அலாஸ்காவின் வேட்டைச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. கழுத்து, நெஞ்சு, விலா, முன் சப்பை, பின்தொடை, முதுகெலும்பை ஒட்டிய கறி அத்தனையும் உண்ணத்தக்க நிலையில் வந்து சேர வேண்டும். கொம்பு, கறியின் கடைசிச் சுமையோடோ அதற்குப் பிறகோதான் வரலாம். சில பகுதிகளில் சப்பையையும் தொடையையும் விலாவையும் எலும்போடுதான் கொண்டுவர வேண்டும். போகும் பகுதியின் விதிப்புத்தகத்தைப் பட்டியல் போடுவதற்கு முன்பே படித்துவிடுங்கள். பை எத்தனை, கயிறு எவ்வளவு என்பதெல்லாம் அதைப் பொறுத்தது.

முதலில் சுமைப்பை. பெரிய மூஸின் பின்தொடை எலும்போடு 50 கிலோவுக்கு மேல்கூடப் போகும். மலையேறுகிறவர்களின் மெல்லிய பை அதைத் தாங்காது. நான் வைத்திருப்பது வெளியே அலுமினியச் சட்டம் உள்ள, அடியில் தட்டு நீட்டிக்கொண்டிருக்கும் பழைய பாணி ஃப்ரேம். பார்க்க அழகில்லை, காட்டுக்குள் கிளைகளில் மாட்டும், நடக்கும்போது கிரீச்சிடும். ஆனால் தொடையை அந்தத் தட்டின்மேல் நிறுத்தி, எலும்பு முதுகுப் பக்கம் வரும்படி மூன்று இடத்தில் வாரால் இறுக்கிவிட்டால் அசையாது. பாரம் தோள்பட்டை உயரத்தில் நிற்க வேண்டும். கீழே தொங்கினால் பின்னுக்கு இழுத்துத் தள்ளிவிடும். தூக்குவதற்கு ஒரு முறை உண்டு: தரையில் உட்கார்ந்து வாரை மாட்டி, இடுப்புப் பட்டியைப் பூட்டி, பக்கவாட்டில் உருண்டு முழங்காலுக்கு வந்து, கூட வந்தவர் கை கொடுக்க எழ வேண்டும். இடுப்புப் பட்டியின் மெத்தை மட்டும் நாளடைவில் அமுங்கிவிட்டது, மாற்றினேன். சட்டம் இன்னும் அப்படியே இருக்கிறது.

தண்ணீரிலிருந்து ஒரு மைலுக்கு மேல் தள்ளி நிற்கும் மூஸைச் சுடாதே என்பது அங்குள்ளவர்கள் எல்லோரும் சொல்வது. மேடும் பள்ளமுமான புல்திட்டுகள் நிறைந்த சதுப்பில் இந்தப் பாரத்தோடு நடந்தவருக்கு அந்த ஒரு மைலே அதிகம் என்று தெரியும். தண்ணீருக்குள் நிற்பதையும் சுடக் கூடாது. உள்ளேயே விழுந்துவிட்டால் இரண்டு பேரால் புரட்டக்கூட முடியாது. நல்ல கப்பியும் 30 மீட்டர் கயிறும் எப்போதும் என் பையில் இருக்கும். கரையிலேயே ஒரு காலை மரத்தோடு இழுத்துக் கட்டித்தான் வயிற்றைத் திறக்க முடியும்.

அடுத்தது கறிப் பைகள். அதிகம் யோசித்துச் செலவழிக்க வேண்டியது இதற்குத்தான். விலை மலிவான பருத்திப் பைகள் இரத்தத்தை உறிஞ்சி ஈரமாகவே கிடக்கும். இழை இடைவெளி பெரிதாக இருந்தால் ஈ வெளியே உட்கார்ந்தபடியே முட்டையிட்டுவிடும். நெருக்கமாக நெய்த, காற்றுப் போகிற செயற்கை இழைப் பைகளுக்கு மாறிய பிறகு கறியின் நிலையே வேறாகிவிட்டது. ஒரு மூஸுக்கு எட்டு முதல் பத்துப் பை வேண்டும். மூஸ் அளவு என்று கேட்டு வாங்குங்கள், மானுக்கான பையில் தொடை நுழையாது. வெள்ளை நிறம்தான் நல்லது, ஈ மொய்த்தால் உடனே கண்ணில் படும். வீட்டுக்கு வந்ததும் குளிர்ந்த நீரில் ஊறவைத்துத் துவையுங்கள், வெந்நீர் பட்டால் கறை நிலைத்துவிடும். என் பைகளில் இத்தனை வருடத்தில் விட்டுப்போனது சுருக்குக் கயிறு ஓடும் மடிப்புத் தையல் மட்டுமே. நைலான் நூலால் தைத்துக்கொண்டேன்.

எவ்வளவு நல்ல பையும் சூட்டோடு திணித்த கறியைக் காப்பாற்றாது. மூஸின் தோலும் மயிரும் சூட்டை அப்படியே பிடித்துவைப்பவை. தோலை உரித்து மணிக்கணக்கான பிறகும் தொடை எலும்பு இடுப்போடு சேரும் இடத்தில் கை வைத்தால் கதகதவென்றிருக்கும். கெட்டுப்போவது பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்கும். எலும்பின் நீளத்துக்குக் கத்தியால் கீறித் திறந்துவிட்டால் சூடு வெளியேறும். பிறகு ஆல்டர் மரக் கழிகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, கீழே காற்றுப் போகும்படி கறியை வைத்து, மேலே தார்ப்பாயை உயரமாகக் கட்ட வேண்டும். தார்ப்பாய் கறியைத் தொடவே கூடாது. பிளாஸ்டிக்கில் சுற்றுவது கறியை அவிப்பதற்குச் சமம். ஓர் இரவு நல்ல காற்று அடித்தால் மேற்பரப்பு காய்ந்து கருஞ்சிவப்பாக, விரலில் ஒட்டாத படலம் கட்டியிருக்கும். அந்தப் படலத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு நிம்மதி. சிட்ரிக் அமிலப் பொடியைத் தண்ணீரில் கரைத்துத் தெளிப்பதும் உதவுகிறது. மேற்பரப்பில் புளிப்பு ஏறுவதால் கிருமி வளர்வது குறையும்.

கறியை முகாமிலிருந்து தள்ளி, தூரத்திலிருந்தே பார்க்கக்கூடிய வெட்டவெளியில் வைப்பேன். புதருக்குள் வைத்தால், மறுநாள் போகும்போது கரடி அதன்மேல் படுத்திருப்பது பக்கத்தில் போகும்வரை தெரியாது. பேட்டரியில் ஓடும் மின்வேலி ஒன்றை மூன்று நான்கு கிலோ எடை கூடினாலும் விடாமல் கொண்டுபோகிறேன். கரடியை விரட்டும் மிளகாய் ஸ்ப்ரேயையும் அடுப்பு எரிபொருளையும் பயணிகள் விமானத்தில் எந்தப் பெட்டியிலும் கொண்டுபோக முடியாது. கடைசி ஊரில்தான் வாங்க வேண்டும்.

கத்தி: பிளேடு மாற்றும் வகை தோலுரிக்க அருமை. மூட்டில் நெம்பினால் உடைந்து முனை கறிக்குள் போய்விடும். மூட்டுக்குத் தடித்த கத்தி ஒன்று தனியாக வேண்டும்.

துப்பாக்கி பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். .30-06 என்ற தோட்டா வகைக்கான துப்பாக்கி போதும். மழையைத் தாங்கும் ஸ்டெயின்லெஸ் குழலும் செயற்கைக் கட்டையும் இருப்பது நல்லது. அதைவிட நல்ல பைனாகுலருக்குப் பணம் போடுங்கள். பல பகுதிகளில் கொம்பின் அகலம் குறைந்தது 50 அங்குலம் இருக்க வேண்டும், அல்லது நெற்றிக்கு மேல் முன்னோக்கி நீளும் கொம்புப் பகுதியில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் கிளைகள் இருக்க வேண்டும். மாலை வெளிச்சத்தில் அவற்றைத் தெளிவாக எண்ண முடியாவிட்டால் சுடக் கூடாது.

செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவியாக கார்மின் இன்ரீச் வைத்திருக்கிறேன். இரிடியம் செயற்கைக்கோள் வலைப்பின்னல் என்பதால் வானம் திறந்திருந்தால் அங்கே செய்தி போய்விடுகிறது, அடர்ந்த மரத்தடியில் தாமதமாகும். அவசர உதவிக்கு மட்டுமில்லை, “கறி தயார், நாளை வாருங்கள்” என்று விமானிக்குச் சொல்ல இது இல்லாமல் முடியாது. இரவில் உறங்கும் பைக்குள் வைத்துக்கொண்டால் பேட்டரி அதிக நாள் வரும்.

டென்ட் காற்றுக்கு நிற்க வேண்டும், அவ்வளவுதான். முதலில் வாங்கிய லேசான டென்டின் கம்பி ஒரு புயலில் ஒடிந்தது. இப்போதைய கூம்பு டென்டில் சிறு விறகடுப்பு வைக்கலாம். வாரக்கணக்கில் பெய்யும் மழையில் சாக்ஸ் காய்வதற்கே அது வேண்டும்.

கடைசியாக விமானம். தண்ணீரில் இறங்க மிதவை வைத்த சிறிய பீவர் விமானத்தில் இரண்டு பேர், முகாம், முழு மூஸ் எல்லாம் ஒரே நடையில் வராது. கூடுதல் நடைக்குத் தனிப் பணம். மூடுபனி இறங்கினால் நாள்கணக்கில் வர முடியாது, ஒரு வாரத்துக்குக் கூடுதல் உணவு எடுத்துப் போங்கள். போய் இறங்கிய அன்றே சுட முடியாது, மறுநாள் அதிகாலை 3 மணி தாண்ட வேண்டும். வெளிமாநிலத்தவர் மூஸுக்கு வழிகாட்டி இல்லாமல் போகலாம். ஆனால் அமெரிக்கக் குடியுரிமை இல்லாமல் வெளியிலிருந்து வருகிறவர்கள் உரிமம் பெற்ற வழிகாட்டியோடுதான் எந்தப் பெரிய விலங்கையும் வேட்டையாட முடியும். அமெரிக்காவுக்கு வேலையாக வந்து ஆசைப்படும் நம் ஆட்கள் பலருக்கு இது தெரிவதில்லை.

கறி முழுவதையும் வீட்டுக்குக் கொண்டுவர முடியாதென்றால் அருகிலுள்ள கிராமத்தில் கொடுக்கலாம். குளிர்காலம் முழுக்க அதை நம்பியிருக்கும் குடும்பங்கள் அங்கே உண்டு. கறியைக் கைமாற்றும் படிவத்தில் கொடுப்பவர், வாங்குபவர் இருவரும் கையெழுத்திட வேண்டும். இரண்டு படிவங்களை உரிமத்தோடு சேர்த்து நீர்புகா உறையில் வைத்துக்கொள்ளுங்கள்.