பிளிக்கர்ஸ்: டீச்சர்கிட்ட ஒரு போன் இருந்தா போதும்

பசங்க கையில போன் கொடுக்க முடியாத ஸ்கூல்ல சயின்ஸ் எடுக்கறவங்களுக்காக இந்த ரிவ்யூ. பிளிக்கர்ஸ்ங்கறது, பசங்க தூக்கிக் காட்டற அட்டையை டீச்சரோட போன் கேமரா படிச்சு பதிலை எடுத்துக்கற க்விஸ் ஆப். கஹூட்ங்கற க்விஸ் ஆப்பும் நல்லாத்தான் இருக்கும், மியூசிக்கு ஸ்கோர்னு கிளாஸே அதிரும், ஆனா அதுக்கு பசங்ககிட்ட டிவைஸ் வேணும், வழக்கமான கேம்ல டக்குனு தட்டறவனுக்குத்தான் பாயின்ட் ஜாஸ்தி, நின்னு யோசிக்கற புள்ள பின்னாடி போயிடும். பிளிக்கர்ஸ்ல ரெண்டு தொல்லையும் இல்ல.

வெப்சைட்ல அட்டை ஃப்ரீயா கிடைக்கும், ஸ்டாண்டர்டு செட்ல 40. ஆளுக்கு ஒரு நம்பர். அட்டையோட நாலு பக்கமும் ஏ, பி, சி, டி, எது பதிலோ அந்தப் பக்கம் மேல வர்ற மாதிரி தூக்கிக் காட்டணும், நாம ஆப்பைத் திறந்து கேமராவை கிளாஸ் மேல ஓட்டினா போதும். எழுத்து பொடிசா இருக்கு, அட்டையில இருக்கற கருப்புக் கட்டக் கோலமும் அட்டைக்கு அட்டை வேற, அதனால பக்கத்துல எட்டிப் பார்த்து காப்பி அடிக்க சான்ஸ் கம்மி.

எனக்கு இது பிடிச்சதுக்கு காரணம் ஒரு கரண்ட் கேள்வி. ஒரு பேட்டரி ஒரு பல்பு, பல்புக்குள்ள போற கரண்டா வெளிய வர்ற கரண்டா, எது ஜாஸ்தி? "புரிஞ்சுதா"ன்னு கேட்டப்போ எல்லாரும் "புரிஞ்சுது சார்"னு கோரஸ் போட்ட அதே கிளாஸ்ல முக்கால்வாசிப் பேர் "உள்ள போறதுதான் ஜாஸ்தி"ன்னு தூக்கறாங்க! பல்பு எரிய கொஞ்சம் கரண்ட் செலவாகுதுல்ல சார்ங்கறான் ஒருத்தன். அங்க விடையைச் சொல்லிடாதீங்க. ஹார்வர்டு பேராசிரியர் எரிக் மசூர் 1990கள்லேர்ந்து பண்ற முறை இருக்கு, பக்கத்துல உள்ளவங்களோட வாதாட விட்டுட்டு மறுபடி பதில் கேக்கறது. அப்புறம் பல்புக்கு ரெண்டு பக்கமும் அம்மீட்டர் வச்சுக் காட்டுங்க, ரெண்டுலயும் ஒரே ரீடிங், செலவாகறது எனர்ஜிதான்.

கடைசி பெஞ்ச்ல வாயே திறக்காத புள்ளைங்ககூட அட்டை தூக்குதுங்க, தப்புன்னாலும் யாரும் சிரிக்க மாட்டாங்கல்ல. ப்ரொஜெக்டர் இருந்தா ஸ்கேன் ஆனவங்க பேர் ஸ்கிரீன்ல தெரியும், "சார் என் பேர் இன்னும் வரல"ன்னு அவங்களே கையை நீட்டுவாங்க. யார் எதைத் தூக்கினாங்கன்னு ரிப்போர்ட்டும் வெப்சைட்ல இருக்கும், சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸுக்கு யாரைக் கூப்பிடணும்னு அதுலேயே தெரிஞ்சுடும்.

குறைன்னா, அப்ஜெக்டிவ் மட்டும்தான். படம் வரையறது, கணக்கு ஸ்டெப், அஞ்சு மார்க் கேள்வி இதுக்கெல்லாம் பேப்பர் திருத்தறதுலேர்ந்து தப்பிக்க வழியில்ல.

அட்டைக்கு பளபளா லேமினேஷன் மட்டும் போட்டுடாதீங்க, ஜன்னல் வெளிச்சம் பட்டா கேமரா படிக்காது, கெட்டி சார்ட்ல பிரின்ட் எடுத்தாலே போதும். கருப்புக் கட்டத்து மேல விரல் வைக்காம ஓரத்துல பிடிக்கச் சொல்லணும். மத்தபடி 5க்கு 4 தாராளமா கொடுக்கலாம்.