ஆண்டுக்கு இரண்டு மனநலப் பயிற்சி என்றால், எந்தப் பயிற்சி?

ஆசிரியர்கள், ஆசிரியரல்லாத பணியாளர்கள் எல்லோருக்கும் ஆண்டுக்கு இரண்டு முறையாவது மனநலப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த 17 வயது மாணவியின் மரணம் தொடர்பான வழக்கில் வந்த தீர்ப்பு அது. 100 பேரும் அதற்கு மேலும் படிக்கிற இடங்களில் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. சரி, பயிற்சி வேண்டும், அதில் யாருக்கும் மறுப்பில்லை. ஆனால் எந்தப் பயிற்சி என்று கேட்டால் எங்கள் ஆசிரியர் அறையில் ஆளுக்கொரு பதில் வருகிறது.

நான் 18 ஆண்டுகளாக அரசுப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். கீழே சொல்லப்போகிற வகைகளில் சிலவற்றுக்கு நானே போய் உட்கார்ந்திருக்கிறேன், மற்றவற்றைத் தேடிப் படித்தேன். எல்லாவற்றையும் அருகருகே வைத்துப் பார்த்தபிறகு எனக்கு ஒன்று உறுதியாகத் தோன்றுகிறது: ஒரு பிள்ளை சரியில்லை என்று ஆசிரியர் கண்டுகொண்ட பிறகு, அந்தப் பிள்ளையை யாரிடம் கொண்டுபோய் விடப்போகிறார்? இதற்குப் பதில் இல்லாத பயிற்சி எவ்வளவு நன்றாக நடந்தாலும் பாதி வழியில் நின்றுவிடுகிறது.

முதலில் நம் எல்லோருக்கும் பழகிப்போன ஒரு நாள் பயிற்சி. வட்டார வள மையத்துக்கு வரச் சொல்லி, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, புரொஜெக்டர், மனச்சோர்வு, பதற்றம், கவனச் சிதறல் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அறிகுறிப் பட்டியல், மதியச் சாப்பாடு, சாயங்காலம் பின்னூட்டப் படிவம். யாரும் விடுபடுவதில்லை, செலவு குறைவு, ஒரு வாரத்தில் மாவட்டத்தையே முடித்துவிடலாம். குறை எங்கே வருகிறது என்றால், மேலே ஒருவர் பல நாள் உட்கார்ந்து கற்றது மாவட்டம், வட்டாரம் என்று இறங்கி இறங்கி எங்களிடம் ஒரு நாளாகத்தான் வந்து சேர்கிறது. அந்தச் சுருக்கத்தில் முதலில் காணாமல் போவது பேசிப் பழகும் பகுதிதான். படங்கள் மிஞ்சுகின்றன. பயிற்சி நடத்தும் கருத்தாளர்மீது எந்தத் தப்பும் இல்லை, அவரும் எங்களைப் போல ஓர் ஆசிரியர், அவருக்கே அது புதுசு.

ஆனாலும் இதைத் தூக்கிப்போட எனக்கு மனசு வரவில்லை. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனை 'சோம்பேறி, திமிரு' என்றே சொல்லிக்கொண்டிருந்த மூத்த ஆசிரியர் ஒருவர், அப்படி ஒரு பயிற்சிக்குப் போய்வந்த மறுவாரம் என்னிடம் வந்து, "டீச்சர், அவன் எழுதாததுக்கு வேற ஏதாவது காரணம் இருக்குமோ?" என்று கேட்டார். முப்பது ஆண்டுப் பழக்கத்தில் ஒரு கீறல் விழுந்தது என்றால் அது சின்ன விஷயம் இல்லை.

அடுத்தது மனநல முதலுதவி. ஆஸ்திரேலியாவில் 2000-இல் பெட்டி கிச்சனர், டோனி ஜோர்ம் இருவரும் தொடங்கிய பயிற்சி, இன்று பல நாடுகளில் நடக்கிறது. என்ன நோய் என்று கண்டுபிடிக்கும் வேலையை இது ஆசிரியர் தலையில் கட்டுவதில்லை. முழங்கால் சிராய்த்து வருகிற பிள்ளைக்குக் கழுவிக் கட்டுப்போட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறோமே, அந்த அளவுதான்: பக்கத்தில் போ, ஆபத்து இருக்கிறதா என்று பார், குறுக்கே பேசாமல் கேள், உதவி கிடைக்கும் இடத்துக்குக் கொண்டுபோ.

இதே பாணியில் நடந்த ஒரு வகுப்பில் நான் இருந்தேன். பயிற்சியாளர் எங்களை இருவர் இருவராக உட்கார வைத்து, ஒருவர் மாணவராகவும் ஒருவர் ஆசிரியராகவும் இருக்கச் சொன்னார். ஆசிரியராக இருப்பவர் ஒரே ஒரு வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: "செத்துப் போயிடலாம்னு எப்பவாவது தோணுதாப்பா?" அறையில் நாற்பது பேர் இருந்தோம். வெப்பவியலையும் வெண்பாவையும் மூச்சுவிடாமல் நடத்துகிற ஆட்கள், அந்த ஒரு வரி யார் வாயிலும் வரவில்லை. என் எதிரில் இருந்த கணக்கு ஆசிரியை இரண்டு முறை தொடங்கி, "தப்பா ஏதாவது எண்ணம்..." என்று இழுத்து நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மூன்றாம் முறை சொன்னார். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்பதுதான் எல்லோருடைய பயமும். நேரடியாகக் கேட்பதால் அப்படி நடப்பதில்லை, மறைத்து வைத்திருக்கிற பிள்ளைக்கு அது ஒரு கதவைத் திறந்துவிடுகிறது என்பதைப் பயிற்சியாளர் பொறுமையாக விளக்கினார். அந்த ஒரு மணி நேரத்தை எந்த ஸ்லைடும் கொடுத்திருக்காது.

இதன் கூடவே அவர் சொன்ன இன்னொன்று, 'யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்' என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுக்காதீர்கள் என்பது. பாலியல் தொல்லை என்று தெரிந்தால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி தெரிவித்தே ஆக வேண்டும், வாக்கை மீறினால் அந்தப் பிள்ளை இனி யாரையும் நம்பாது. 'உன் பாதுகாப்புக்குத் தேவையானவங்ககிட்ட மட்டும் சொல்வேன், உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்வேன்' என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட வேண்டும். அதே மாதிரி, வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் அவசரப்பட்டு அப்பாவுக்கு போன் போடக் கூடாது. அடிதான் விழும்.

இவ்வளவு நல்லதாக எனக்குப் பட்ட பயிற்சி, ஆய்வுகளில் எப்படி வந்தது என்று தேடினால் ஏமாற்றமாக இருந்தது. ஐரோப்பாவில் 10 நாடுகளில் 168 பள்ளிகள், 11,110 மாணவர்களை வைத்து நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2015-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஒரு பிரிவுப் பள்ளிகளில் ஆபத்தில் இருக்கும் மாணவரை அடையாளம் காணவும் பேசி அனுப்பவும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி. இன்னொரு பிரிவில் மாணவர்களுக்குக் கேள்வித்தாள் கொடுத்து, பதில்களை வைத்து வடிகட்டி, ஆபத்து உள்ளவர்களை நிபுணர்களிடம் அனுப்பினார்கள். மூன்றாவதில் ஆசிரியரை விட்டுவிட்டு மாணவர்களையே உட்கார வைத்து, நாலு வாரத்தில் ஐந்து மணி நேரம், பெரும்பகுதி நடித்துப் பார்ப்பதும் பேசுவதுமாக நடத்தினார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது தற்கொலை முயற்சிகள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது மாணவர்களிடமே பேசிய அந்த மூன்றாவது பிரிவில்தான். ஆசிரியர்களை மட்டும் பயிற்றுவித்த பள்ளிகளில் சொல்லும்படியான மாற்றம் இல்லை.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 25 பள்ளிகளை எடுத்து, அவற்றில் ஏறத்தாழ பாதியில் ஆசிரியர்களுக்கு மனநல முதலுதவிப் பயிற்சியும், ஆசிரியருக்கு ஆசிரியரே துணையாக இருக்கும் ஓர் ஏற்பாடும் செய்து பார்த்தார்கள். 2021-இல் வெளியான முடிவில், ஆசிரியர்களின் மனநலத்திலும் சரி, மாணவர்களின் மனநலத்திலும் சரி, வித்தியாசம் தெரியவில்லை. அதற்காக அந்தப் பயிற்சி வீண் என்று நான் சொல்லவில்லை. கேட்கத் தெரிந்த ஆசிரியர் ஒரு பள்ளிக்கு அவசியம். அவரை மட்டும் வைத்துக்கொண்டு பள்ளி மாறிவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது, அவ்வளவுதான்.

மூன்றாவது வழி, எல்லோரையும் பயிற்றுவிக்காமல் பள்ளிக்கு இரண்டு பேரை ஆழமாகப் பயிற்றுவிப்பது. ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின்கீழ் 2020-இல் தொடங்கிய பள்ளி நலவாழ்வுத் திட்டம் இந்த வகை. பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள், முடிந்தால் ஓர் ஆண், ஒரு பெண். வாரம் ஒரு மணி நேரம் செயல்பாடுகள் வழியாக வகுப்பு, மொத்தம் 11 தலைப்புகள், அதில் ஒன்று மனநலம். அந்த ஓர் ஆண், ஒரு பெண் என்பது நல்ல யோசனை, பெண் பிள்ளைகள் எல்லாவற்றையும் ஆண் ஆசிரியரிடம் சொல்ல மாட்டார்கள். வாரா வாரம் வகுப்பு இருப்பதால் பயிற்சியில் கற்றது மறந்தும் போகாது. ஆனால் பத்தாம் வகுப்புக்குத் திருப்புதல் தேர்வு நெருங்கினால் முதலில் பறிபோகிற பாடவேளை எது என்று ஆசிரியர்களுக்குத் தெரியும். அந்த இரண்டு பேரில் ஒருவருக்குப் பணிமாறுதல் வந்தால் பாதி போச்சு. இந்த வழியை எடுத்தால் பள்ளி விவரங்களை இணையத்தில் ஏற்றுகிற அவர்களுடைய எமிஸ் பதிவு வேலையையாவது வேறு ஒருவருக்குக் கொடுங்கள். கூடுதல் பொறுப்பாக வைத்தால் நடக்காது.

இனி நான் அதிகம் யோசித்த இடம். சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவி. ரெக்கார்டு நோட்டில் அவள் படம் வரைந்தால் பக்கத்து வகுப்புக்குக் காட்டுவேன், அவ்வளவு சுத்தம், வெங்காயத் தோல் செல்லுக்குக்கூட மூன்று வண்ணத்தில் நிழல் போட்டிருப்பாள். அக்டோபரில் பாகங்களுக்குப் பெயர் எழுதுவது நின்றது. நவம்பரில் வண்ணம் நின்றது. டிசம்பரில் தலைப்பு மட்டும் இருந்தது, கீழே வெற்றுப் பக்கம். நான் சிவப்பு மையில் 'முழுமையாக இல்லை' என்று மூன்று முறை எழுதியிருக்கிறேன், தேதியோடு. நான் அதுவரை போன பயிற்சியில் அறிகுறிப் பட்டியலை எழுதி வைத்திருந்தேன், அந்தப் பட்டியலில் இருந்தது என் கண்முன்னே மூன்று மாதம் நடந்தது. கடைசியில் அவளிடம் "சாப்டியாம்மா, ஏன் ஒரு மாதிரியா இருக்க?" என்று கேட்டது சத்துணவு அமைப்பாளர் அக்கா. அவரிடம்தான் அழுதாள். வீட்டில் பெரிய பிரச்சினை, இரவில் தூக்கமே இல்லை. பிறகு மருத்துவமனைக்குப் போய்ச் சரியானாள். அவள் பிளஸ் டூ முடித்தபின் ஒருநாள் கேட்டேன், என்கிட்ட ஏம்மா சொல்லல என்று. "நீங்க மார்க் போடுறவங்க மிஸ், உங்ககிட்ட போய் எப்படி..." என்றாள். கோபமில்லாமல், ரொம்ப இயல்பாகச் சொன்னாள்.

பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் நடந்த ஆய்வைப் படித்தபோது அந்த வார்த்தைதான் நினைவுக்கு வந்தது. கோவாவின் சங்காத் அமைப்பு அரசு உயர்நிலைப் பள்ளிகளில் நடத்தியது, 74 பள்ளிகள், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள். முடிவு 2018-இல் வெளிவந்தது. ஒரே திட்டம்தான்: மனசில் இருப்பதை எழுதிப் போட ஒரு பெட்டி, சுவர் இதழ், மாணவர் குழு, தேவைப்பட்டவர்களுக்குத் தனியாக ஆலோசனை. சில பள்ளிகளில் அதை நடத்தியது அங்கேயே வேலை பார்க்கும் ஆசிரியர், சில பள்ளிகளில் இதற்கென்றே அமர்த்திப் பயிற்சி கொடுத்த ஆலோசகர். அவர் மனநல நிபுணர்கூட இல்லை, சாதாரண ஆள். ஆலோசகர் இருந்த பள்ளிகளில் பள்ளிச் சூழல் மேம்பட்டது, மனச்சோர்வு குறைந்தது, ஒருவரை ஒருவர் சீண்டுவதும் அடிதடியும் குறைந்தன. அதே வேலையை ஆசிரியர் செய்த பள்ளிகளில் பலன் தெரியவில்லை. இரண்டாம் ஆண்டிலும் அப்படித்தான்.

ஆசிரியர்களை மட்டம் தட்ட இதைச் சொல்லவில்லை, நானும் ஆசிரியர்தான். நேரமின்மை ஒரு காரணமாக இருக்கலாம். அதைவிட, காலையில் 'வீட்டுப்பாடம் எங்கே' என்று அதட்டிய அதே ஆள் மதியம் 'மனசுல என்ன இருக்கு, சொல்லு' என்றால் பதினான்கு வயதுப் பிள்ளை எப்படிச் சொல்லும்? நம் பள்ளிகளிலும் பிள்ளைகள் தங்கள் குறைகளை எழுதிப் போட 'மாணவர் மனசு' பெட்டி வைத்திருக்கிறோம். அதில் விழுகிற சீட்டைத் திறந்து படிப்பவர் யார் என்பதைப் பிள்ளைகள் நம்மைவிட நன்றாகக் கவனிக்கிறார்கள்.

இதற்கு நேர் எதிரான வழி ஒன்றும் இருக்கிறது. டார்ஜிலிங் மலைப்பகுதியில் குறைந்த கட்டணத் தனியார் தொடக்கப் பள்ளிகளில், ஆசிரியர்களையே மனநல ஆதரவு கொடுப்பவர்களாகப் பயிற்றுவித்துப் பார்க்கிறார்கள். ஓர் ஆசிரியருக்குச் சில பிள்ளைகள் மட்டும், தனி அறை ஆலோசனை எல்லாம் இல்லாமல் வகுப்பு நடக்கும்போதே அந்தப் பிள்ளைக்கு ஏற்ப நடத்தும் முறையை மாற்றுவது. பக்கத்தில் மனநல மருத்துவரே இல்லாத ஊருக்கு இது நல்ல வழி, அதுவும் நாள் முழுக்க ஒரே ஆசிரியர் இருக்கும் தொடக்கப் பள்ளிக்கு. அங்கே ஆசிரியர் ஏறக்குறைய வீட்டு ஆள். ஒன்பது, பத்தாம் வகுப்பில் நாற்பது நிமிடத்துக்கு ஒருவர் வந்துபோகிற இடத்தில் இதை அப்படியே போட முடியாது.

ஆக, என்னிடம் கேட்டால் தொடக்கப் பள்ளிக்கு டார்ஜிலிங் வழி, வகுப்பாசிரியரைத் தயார்செய்யுங்கள். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிக்கு முதல் செலவு ஆலோசகருக்குத்தான், நாலு பள்ளிக்கு ஒருவர் என்றாலும் பரவாயில்லை, ஆனால் வாரத்தில் இன்ன கிழமை நிச்சயம் வருவார் என்று பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். அந்த ஆலோசகரே ஜூனில் அரை நாள், ஜனவரியில் அரை நாள் அந்தப் பள்ளி ஆசிரியர்களுக்கும் சத்துணவு அக்காவுக்கும் காவலாளிக்கும் சேர்த்துப் பயிற்சி நடத்தட்டும். கவனி, கேள், கொண்டுபோய் விடு, ஆசிரியர் அறையில் பேசாதே. இந்த நாலுதான் பாடம். எட்டாம், ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்குத் தனியாகப் பேசும் வகுப்புகளும் வேண்டும், அதை ஆலோசகர் நடத்தினால் பிள்ளைகளுக்கு அவர் முகமும் பழகிவிடும்.

அதற்கு ஆள் போடும்வரை மாவட்ட மனநலத் திட்டத்தில் இருக்கும் மருத்துவரையோ உளவியலாளரையோ பள்ளிக்கு ஒருமுறை அழையுங்கள், அவர் எந்தக் கிழமை எந்த மருத்துவமனையில் இருப்பார் என்று கேட்டு அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடுங்கள். மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, பள்ளிக் கல்வி உதவி எண் 14417, குழந்தைகளுக்கான 1098 மூன்றும் கழிப்பறைக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருந்தால் ரொம்ப நல்லது, யாரும் பார்க்காமல் குறித்துக்கொள்ள அதுதான் இடம். அப்புறம், அடுத்த ஒரு நாள் பயிற்சிக்கு உங்களை அழைத்தால் கடைசி ஒரு மணி நேரம் புரொஜெக்டரை நிறுத்திவிட்டு இருவர் இருவராக உட்கார வைக்கச் சொல்லிக் கேளுங்கள். அந்த வாக்கியத்தைப் பக்கத்தில் இருப்பவரிடம் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், முதல் தடவை வராது.