சண்டை இல்லாத காட்சிகளுக்கு விதிகள்: பல வருட ஆட்டத்தில் எது தாக்குப்பிடித்தது

மேசை ஆர்பிஜி (மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கேரக்டராகப் பேசியும் பகடை உருட்டியும் கதையை நகர்த்தும் விளையாட்டு) ஆடுகிறவர்களில் பாதிப் பேர் சொல்வது இதுதான்: "சண்டைக்கு விதி வேண்டும், சரி. பேச்சுக்கு எதற்கு? பேசினால் போதாதா?" பல வருடங்களாக, கதையையும் எதிராளிகளையும் நடத்தும் கேம் மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், ஆனால் இந்தக் கட்சியில் நான் சேரவில்லை. விதி இல்லாத இடத்தில் வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பதே விதியாகிவிடுகிறது. பேச்சு சாமர்த்தியம் உள்ள ஒருவர், கரிஸ்மா (ஆளைக் கவரும் திறன்) வெறும் 8 உள்ள முரட்டு வீரனை வைத்துக்கொண்டே அரசவையை வளைத்துவிடுவார். கூச்ச சுபாவம் உள்ளவரோ புள்ளியையெல்லாம் பேச்சுத் திறனில் கொட்டி ஒரு பாடகனை உருவாக்கிவிட்டு, காட்சி முழுக்க வாயே திறக்க மாட்டார்.

அதற்காக இருக்கிற விதிகள் எல்லாம் பிரமாதம் என்றும் சொல்ல மாட்டேன். நீண்ட காலம் மேசையில் வைத்து ஓட்டியவற்றை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் ஸ்கில் சேலஞ்ச். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் நான்காம் பதிப்பு 2008-ல் கொண்டுவந்தது. இத்தனை தோல்வி சேர்வதற்குள் இத்தனை வெற்றி எடுத்தால் காட்சியில் ஜெயித்தீர்கள். முதலில் அச்சான கணக்கில் மிக எளிய சவாலுக்கு 2 தோல்விக்குள் 4 வெற்றி, மிகப் பெரியதற்கு 6 தோல்விக்குள் 12 வெற்றி. சீக்கிரமே திருத்தம் வந்து, எல்லாவற்றுக்கும் 3 தோல்வி என்று மாறியது. கூடவே இலக்கு எண்களையும் (இருபது முகப் பகடையை உருட்டி, திறனைக் கூட்டி எட்ட வேண்டிய எண்) குறைத்தார்கள்.

திருத்திய கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு உருட்டலிலும் வெல்வதற்கு 70 சதவீத வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். 4 வெற்றி போதும் என்றால் சவாலைத் தாண்டுவதற்கு ஏறத்தாழ 74 சதவீதம். 12 வெற்றி வேண்டுமென்றால் அது 16 சதவீதத்துக்குச் சரிந்துவிடும். தெரிந்துதான் நான் பெரிய அளவுகளைத் தொடுவதில்லை.

ஆனால் என் மனக்குறை இந்தக் கணக்கோடு நிற்பதில்லை. தோல்வி குழுவின் பொதுக் கணக்கில் ஏறுகிறது. அப்படியானால் திறன் குறைந்த கேரக்டர் வைத்திருப்பவர் சும்மா இருப்பதுதான் எல்லோருக்கும் நல்லது! "நீ உருட்டாதே, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்ற வசனத்தை எல்லா மேசையிலும் கேட்டிருக்கிறேன். எல்லோரையும் காட்சிக்குள் இழுக்க வந்த விதி, பாதிப் பேரின் வாயைக் கட்டிவிட்டது. மிச்சம் இருப்பவர்களும் கேரக்டர் தாளைப் பார்த்து "வரலாறு திறன், 17" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். அந்த அமைச்சரிடம் வரலாற்றில் எதைச் சொன்னார்கள் என்று நான்தான் துருவித் துருவிக் கேட்க வேண்டும்.

இதற்கு நேர் எதிர், ரொம்பப் பழைய ரியாக்‌ஷன் ரோல். எதிர்ப்படுபவரின் முதல் மனநிலையைப் பகடையே தீர்மானிக்கும். நான் பயன்படுத்துவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் 1981-ல் வந்த பேசிக் பதிப்பின் அட்டவணை. எதிரே யாராவது வந்தால் ஆறு முகப் பகடை இரண்டை உருட்ட வேண்டும். 2 வந்தால் உடனே தாக்குதல். 3 முதல் 5 வரை பகை, தாக்கவும் கூடும். 6 முதல் 8 வரை குழப்பம். 9 முதல் 11 வரை தாக்க மாட்டார்கள். விலகிப் போவார்கள் அல்லது பேரத்துக்குக் காது கொடுப்பார்கள். 12 என்றால் நட்பு. உடனடித் தாக்குதலுக்கு வாய்ப்பு 36-ல் 1 மட்டும்தான். பார்த்ததும் வாளை உருவுவதுதான் இந்த விளையாட்டு என்று நினைப்பவர்களுக்கு இந்த ஒரு எண்ணைக் காட்டினால் போதும்.

இதன் அருமை மேசையில்தான் தெரியும். ஒருமுறை சுரங்கப் பாதையில் நான்கு ஹாப்காப்ளின் பூதங்கள் எதிர்ப்பட்டன. பகடை 9 காட்டியது. சண்டைக்குத் தயாராக வைத்திருந்த காட்சி அது. இவை ஏன் தாக்கவில்லை? அந்தக் கேள்விக்கு அங்கேயே பதில் கண்டுபிடிக்க வேண்டும். சரி, கழற்றி எடுத்த ஒரு மரக்கதவை நான்கும் ஆளுக்கொரு மூலையாகத் தூக்கி வருகின்றன, கதவின் மேல் காயம்பட்ட கூட்டாளி கிடக்கிறான் என்றேன். ஆயுதத்தை எடுக்கக் கை ஒழியவில்லை. எங்கள் பூசாரி கேரக்டர் ஒரு குணப்படுத்தும் மந்திரத்தை முன்வைத்தார். பதிலுக்கு, எந்த வளைவில் தரை உள்வாங்கும் என்பதை அவை சொல்லிவிட்டுப் போயின. போகும்போது கதவையும் விட்டுவிட்டுப் போனதால் குழு அதைக் கடைசிவரை இழுத்துக்கொண்டு திரிந்தது வேறு கதை. சண்டையாகியிருந்தால் முக்கால் மணி நேரம் போயிருக்கும். நான்கு பெயரில்லாத பிணங்களைத் தவிர எதுவும் மிஞ்சியிருக்காது.

குறை என்னவென்றால், முதல் மனநிலையோடு இந்த விதி கையை விரித்துவிடும். பேச்சு நீண்டால் உதவாது.

அங்கேதான் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் 2014 கேம் மாஸ்டர் புத்தகத்தில் இருக்கும் சமூக உரையாடல் பகுதி கைகொடுக்கிறது. எதிராளி நட்பா, அலட்சியமா, பகையா என்று முதலில் தீர்மானித்துக்கொள்கிறோம். அப்புறம், எவ்வளவு கேட்கிறோம் என்பதைப் பொறுத்து இலக்கு எண்கள் 0, 10, 20. பகையுள்ளவரிடம் 20 எடுத்தாலும், தனக்கு ஆபத்தோ இழப்போ இல்லாத வரைக்கும்தான் கேட்டதைச் செய்வார். கொஞ்சம் ஆபத்தை ஏற்க வேண்டும் என்றால், முதலில் அவரை அலட்சிய நிலைக்காவது கொண்டுவர வேண்டும். "நான் 20 எடுத்துவிட்டேன், ராஜா கிரீடத்தைக் கழற்றிக் கொடுக்கட்டும்" என்கிற வம்பு இதோடு தீர்ந்தது. ஐந்தாம் பதிப்பு ஆடுகிறவர்களிலேயே பலர் இந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்ததில்லை என்பது எனக்கு இன்னும் வியப்புதான்.

பர்னிங் வீல் விளையாட்டின் டூயல் ஆஃப் விட்ஸ் என்ற வாதப்போர் விதி பற்றிச் சுருக்கமாக. இரு தரப்பும் தங்கள் வாதத்துக்குப் புள்ளிகள் வைத்து, மூன்று நகர்வுகளை ரகசியமாக எழுதி மோதும். ஜெயித்தவரும் தன் புள்ளிகளில் இழந்திருந்தால் விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். இந்த ஒரு விதிக்காகவே படிக்கலாம். ஆனால் இருவர் வாதிடும்போது மற்றவர்கள் கைபேசியை எடுத்துவிடுகிறார்கள். பெரிய வழக்கு, பெரிய பிளவு என்று அபூர்வமாக மட்டும் எடுக்கிறேன்.

என் மேசையில் நிரந்தர இடம் பிடித்தது கடிகாரம்தான். பிளேட்ஸ் இன் தி டார்க் விளையாட்டு (2017) அதைப் பரவலாக்கியது: ஒரு வட்டம், 4 அல்லது 6 அல்லது 8 கூறுகள். செயலின் விளைவு குறைவானால் 1 கூறு நிரம்பும், சாதாரணம் 2, பெரிது 3. வட்டம் முழுக்க நிரம்பினால் அதில் எழுதியது நடந்துவிடும். நான் எப்போதும் இரண்டு வட்டம் வரைவேன். ஒன்று குழு விரும்புவது, இன்னொன்று குழு அஞ்சுவது. சுங்கக் கப்பலில் ஒளிந்திருக்கும் ஆளை வெளியே கொண்டுவர வேண்டுமா? "தலைவர் அனுமதி தருகிறார்" 6 கூறு, "அலை இறங்கிவிடுகிறது" 4 கூறு. உருட்டல் பிசகினால் முதல் வட்டம் அழியாது, இரண்டாவது நிரம்பும். அதனால் திறன் குறைந்தவரும் துணிந்து வாய் திறக்கிறார். அவர் சொதப்பினால் காட்சி முடிவதில்லை, நெருக்கடி கூடுகிறது. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: கூறு நிரம்பும்போதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற ஏதாவது மாற வேண்டும். தலைவர் பேனாவை மூடிவைத்தார், படகு தரைதட்டிச் சாய்ந்தது, இப்படி. இல்லையென்றால் மறுபடியும் ஸ்கில் சேலஞ்ச்தான், வட்டமாக வரைந்திருக்கிறோம் என்பதே வித்தியாசம்.

துப்பறியும் கதைக்கு இது எதுவும் வேண்டாம். கம்ஷூ விளையாட்டுகளில் முக்கியத் தடயம் உருட்டாமலே கிடைக்கும். அதை எந்த விளையாட்டிலும் அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்ளலாம்.

முதலில் சொன்ன கூச்சக்காரர் விஷயத்துக்கு நான் பார்த்தவரை வரிசையை மாற்றுவதுதான் உதவியது. நடித்துக்காட்டிவிட்டு உருட்டுவதில்லை. என்ன கேட்கிறீர்கள், பதிலுக்கு என்ன தருகிறீர்கள், இரண்டையும் வெறும் வாக்கியமாகச் சொன்னால் போதும். கோரிக்கை நியாயமாகவும் தருவது எதிராளிக்கு வேண்டியதாகவும் இருந்தால் இலக்கு எண்ணைக் குறைக்கிறேன். பிறகு உருட்டல். முடிவு தெரிந்த பிறகு, விருப்பமுள்ளவர் அந்தப் பேச்சை நடித்துக்காட்டலாம். நன்றாகப் பேசத் தெரிந்தவர்களுக்கு ஆரம்பத்தில் இது பிடிப்பதில்லை. ஆனால் 4 விழுந்த பிறகு ஒரு பேரழிவுச் சொற்பொழிவை நடிக்க வாய்ப்புக் கிடைத்ததும் அவர்களே முதலில் கையைத் தூக்குகிறார்கள்.