டிஐ-84 பிளஸ் சிஇ: கருதுகோள் சோதனைக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

சிங்கப்பூர்த் தொடக்கக்கல்லூரியில் எச்2 கணிதம் ('ஏ' நிலைக் கணிதப் பாடம்) படிக்கும் பலர் கையில் இருப்பது டெக்சஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸின் டிஐ-84 பிளஸ் சிஇ என்ற வரைபடக் கால்குலேட்டர். வரைபடம், மேட்ரிக்ஸ் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, கருதுகோள் சோதனைக்கும் (ஒரு கூற்றை மாதிரி விவரத்தால் சோதிப்பது) நம்பக இடைவெளிக்கும் (உண்மையான சராசரிக்கு மாதிரியிலிருந்து கணிக்கும் எல்லைகள்) அது எப்படிப் பயன்படுகிறது என்பதை மட்டும் இங்கே பார்க்கிறோம். 'ஏ' நிலைத் தேர்வில் மதிப்பெண் அதிகம் சிந்தும் இடங்களில் இதுவும் ஒன்று. சிந்துவதற்குக் காரணம் பெரும்பாலும் கணக்கு அல்ல, எந்தக் கட்டத்தில் எந்த எண்ணைப் போடுவது என்ற குழப்பம்தான்.

எச்2 கணிதத்தில் வருவது சராசரிக்கான இசட் சோதனை. டி சோதனையும் நம்பக இடைவெளியும் ஃபர்தர் மேத்ஸ் எடுப்பவர்களுக்கும், பலதுறைத் தொழிற்கல்லூரி, பல்கலைக்கழக முதலாண்டுப் புள்ளியியல் படிப்பவர்களுக்கும் தேவைப்படும். எல்லாமே 'ஸ்டேட்' விசையை அழுத்தி வலப்பக்கம் 'டெஸ்ட்ஸ்' மெனுவுக்குப் போனால் இருக்கின்றன: 1 இசட்-டெஸ்ட், 2 டி-டெஸ்ட், 7 இசட்-இன்டர்வெல், 8 டி-இன்டர்வெல்.

ஒரு கணக்கை வைத்தே சோதித்துவிடலாம். தேக்காவில் விற்கும் மல்லித்தூள் பொட்டலத்தில் 250 கிராம் என்று அச்சிட்டிருக்கிறது. எடை குறைகிறதோ என்று சந்தேகம். 40 பொட்டலங்களை நிறுத்து, ஒவ்வொன்றின் எடையிலிருந்தும் 250ஐக் கழித்துக் கூட்டினால் −28 வருகிறது. அந்த வித்தியாசங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 253.6. தேர்வுத்தாளில் விவரம் இந்த வடிவில்தான் பெரும்பாலும் வரும். இந்தக் கூட்டுத்தொகைகளை நேராக வாங்கிக்கொள்ளும் கட்டம் கால்குலேட்டரில் கிடையாது. இதை ஒரு குறையாகவே சொல்ல வேண்டும். மாதிரிச் சராசரி 250 − 28/40 = 249.3 என்பதையும், சாய்வற்ற வேரியன்ஸ், அதாவது எல்லாப் பொட்டலங்களின் எடைச் சிதறலுக்கான மதிப்பீடு, (253.6 − 28²/40) ÷ 39 = 6 என்பதையும் நாமே கண்டுபிடித்தாக வேண்டும்.

இனி இசட்-டெஸ்ட் திரை. இன்புட் வரியில் 'ஸ்டேட்ஸ்' தேர்ந்தெடுங்கள். மியூ-ஸீரோ (சோதிக்கும் சராசரி) 250. சிக்மா (திட்ட விலக்கம், வேரியன்ஸின் வர்க்கமூலம்) கட்டத்தில் √6. எக்ஸ்-பார் (மாதிரிச் சராசரி) 249.3. மாதிரி அளவு 40. மாற்றுக் கருதுகோளுக்கு 'குறைவு' குறி. 'கால்குலேட்' அழுத்தியதும் இசட் −1.807, பி-மதிப்பு 0.0354. உண்மையான சராசரி 250தான் என்றால் மாதிரிச் சராசரி இவ்வளவோ இதைவிடக் குறைவாகவோ வரும் வாய்ப்புதான் பி-மதிப்பு. அது 0.05ஐவிடச் சிறியது என்பதால் 5 விழுக்காட்டு மட்டத்தில் இன்மைக் கருதுகோளை (சராசரி 250தான் என்பதை) நிராகரிக்கலாம். 1 விழுக்காட்டில் முடியாது.

சிக்மா கட்டத்துக்கு √6 என்றே கொடுத்தோம், கவனியுங்கள். எல்லாக் கட்டங்களும் கோவையை அப்படியே ஏற்கும். எக்ஸ்-பாருக்கும் 250−28/40 என்று அடிக்கலாம். 2.45 என்று சுருக்கிப் போடும் பழக்கத்தை விட்டால் கடைசி இலக்கங்கள் பிசகாது. இந்தக் கருவியில் எங்களுக்கு மிகவும் பிடித்த வசதி இதுதான்.

அதே கட்டத்தில்தான் பிழைகளும் நடக்கின்றன. √6க்குப் பதில் 6ஐப் போட்டால் பி-மதிப்பு 0.230 ஆகிவிடும், முடிவே தலைகீழாகும். இன்னும் சிலர் மாதிரி அளவின் வர்க்கமூலத்தால் முன்கூட்டியே வகுத்து 0.387ஐப் போடுவார்கள். கருவி மறுபடியும் √40ஆல் வகுக்கும், இசட் −11.43க்குப் போய்விடும், பி-மதிப்பு 10இன் −30ஆம் அடுக்கில் நிற்கும். அந்தக் கடைசி அடுக்கைப் பார்க்காமல் முன்னால் உள்ள இலக்கத்தை மட்டும் எழுதிவிட்டு, பி-மதிப்பு ஒன்றுக்கு மேல் வந்திருக்கிறதே என்று கூடக் கவனிக்காத விடைத்தாள்கள் உண்டு. கருவி எதற்கும் எச்சரிக்காது. கொடுத்ததை வைத்துக் கணக்குப் போடும், அவ்வளவுதான்.

குறியை மாற்றி 'அதிகம்' என்று போட்டால் 0.965 வரும். ஒரு பக்கச் சோதனையில் பி-மதிப்பு 0.5ஐத் தாண்டினால் முதலில் குறியைப் பாருங்கள். 'சமமல்ல' என்று விட்டுவிட்டால் 0.0707, அதாவது 5 விழுக்காட்டில் நிராகரிக்க முடியாது. முந்தைய கணக்கின் எண்களும் குறியும் திரையில் அப்படியே தங்கிவிடுவதால் இந்தத் தவறு எளிதில் நேர்கிறது. புதுக் கணக்கு என்றால் ஆறு வரிகளையும் மேலிருந்து கீழ் ஒருமுறை கண்ணால் தொட்டுவிட்டு அழுத்துவது நல்லது.

40 எடைகளும் தனித்தனியாகக் கிடைத்தால் பட்டியல் 1இல் அடித்துவிட்டு 'டேட்டா' தேர்ந்தெடுக்கலாம். ஆனால் அப்போதும் சிக்மாவைக் கருவி தானாக நிரப்பாது. 'ஒன்-வார் ஸ்டேட்ஸ்' போட்டால் இரண்டு விலக்கங்கள் வரும்: ஆங்கில எஸ் எழுத்தோடு ஒன்று, சிக்மாவோடு ஒன்று. கட்டத்தின் பெயர் சிக்மா என்பதால் சிக்மாவையே எடுத்துப் போடத் தோன்றும். தவறு. அது 40ஆல் வகுத்தது, நம் கணக்கில் 2.419. நமக்கு வேண்டியது 39ஆல் வகுத்த எஸ், 2.449.

'ட்ரா' தேர்ந்தெடுத்தால் மணி வளைவில் வால்பகுதிக்கு வண்ணம் தீட்டிக் காட்டும். பழைய டிஐ-84 பிளஸின் 96×64 கறுப்பு வெள்ளைத் திரையோடு ஒப்பிட்டால், 320×240 வண்ணத் திரையில் இது தெளிவாகத் தெரிகிறது. 'ஒய் =' திரையில் பழைய சார்புகள் இருந்தால் அவையும் மேலே வந்து விழும்; முதலில் அணைத்துவிடுங்கள்.

நம்பக இடைவெளிக்கு வந்தால் இந்தக் கருவி உண்மையிலேயே நல்ல ஆசிரியர். அதே எண்களுக்கு இசட்-இன்டர்வெல்லில் நம்பக மட்டம் 0.95 கொடுத்தால் (248.54, 250.06). 250 உள்ளே இருக்கிறது. 0.90 கொடுத்தால் (248.66, 249.94). 250 வெளியே. இருபக்கச் சோதனையின் 0.0707 ஐந்து விழுக்காட்டில் தோற்றுப் பத்து விழுக்காட்டில் வென்றதற்கு இது நேர் எதிரொலி. இரண்டு பாடங்களும் ஒரே பாடம் என்பதை ஒரு நிமிடத்தில் காட்டிவிடலாம். நிறுத்த எடைகள் இயல்நிலைப் பரவல் (மணி வளைவு வடிவம்) என்று கொண்டு டி-டெஸ்ட் போட்டால் பி-மதிப்பு 0.039, மாதிரி 40 இருக்கும்போது வித்தியாசம் சிறியதுதான்.

95 விழுக்காடு என்பதற்கு என்ன பொருள்? உண்மையான சராசரி இந்த ஓர் இடைவெளிக்குள் இருக்கும் வாய்ப்பு என்று எழுதினால் மதிப்பெண் போகும். 1937இல் புள்ளியியலாளர் நெய்மன் வகுத்த பொருள் வேறு: இதே முறையில் மாதிரி எடுத்துக்கொண்டே போனால், கட்டப்படும் இடைவெளிகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 95 உண்மையான சராசரியை உள்ளடக்கும். வகுப்பில் இதைச் செய்தே பார்க்கலாம். 'மேத்' விசை, 'ப்ராப்' மெனு, 6ஆவது 'ராண்ட்-நார்ம்'. 250, √6, 40 கொடுத்துப் பட்டியல் 1இல் சேமித்து, 'டேட்டா' வழியில் 90 விழுக்காட்டு இடைவெளி எடுங்கள். இருபது பேர் செய்தால் சராசரியாக இரண்டு பேருடைய இடைவெளி 250ஐத் தவறவிடும். ஒரு எச்சரிக்கை: புதிதாக ரீசெட் செய்த கருவிகள் எல்லாம் ஒரே ரேண்டம் எண்களைத்தான் தரும், இருபது பேருக்கும் ஒரே விடை வந்து பாடமே கெட்டுவிடும். ஒவ்வொருவரும் தமக்கென வெவ்வேறு எண்ணை 'ராண்ட்'டில் சேமித்துவிட்டுத் தொடங்க வேண்டும்.

தலைகீழ்க் கேள்விகளில் டெஸ்ட்ஸ் மெனு பயன்படாது. வேரியன்ஸ் 6, மாதிரிச் சராசரி 249.3 என்று கொடுத்து, 1 விழுக்காட்டில் நிராகரிக்க மாதிரி குறைந்தது எவ்வளவு வேண்டும் என்று கேட்டால், 'ஒய் =' திரையில் நார்மல்-சிடிஎஃப் சார்பை (இயல்நிலைப் பரவலில் இரண்டு எல்லைகளுக்கு இடைப்பட்ட வாய்ப்பைத் தருவது) போடுங்கள்: கீழ் எல்லை −10⁹⁹, மேல் எல்லை 249.3, சராசரி 250, விலக்கம் √(6/எக்ஸ்). அட்டவணையில் 66க்கு 0.0101, 67க்கு 0.0097. விடை 67. அட்டவணையின் இரண்டு வரிகளையும் விடைத்தாளில் எழுதிக் காட்டுவது அவசியம். கருதுகோள்கள், மைய எல்லைத் தேற்றத்தை (மாதிரி பெரிதானால் அதன் சராசரி ஏறக்குறைய இயல்நிலைப் பரவலாகும் என்பது) பயன்படுத்தும் காரணம், பொட்டலத்தின் எடையைப் பற்றிய முடிவு வாக்கியம், இவற்றையும் எந்தக் கருவியும் எழுதித் தராது.

கரோசெல் இணையச் சந்தையில் பழையதை வாங்குவோர் பேட்டரியைப் பாருங்கள். உள்ளே இருப்பது ரீசார்ஜ் ஆகும் லித்தியம் பேட்டரி, மினி யுஎஸ்பி கேபிளில் சார்ஜ் ஆகும். இப்போதைய ஃபோன் கேபிள் பொருந்தாது. வாங்கும் முன் எஸ்இஏபி (சிங்கப்பூர்த் தேர்வு, மதிப்பீட்டுக் கழகம்) வெளியிடும் அங்கீகரிக்கப்பட்ட கால்குலேட்டர் பட்டியலில் மாடல் பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ஆசிரியர் கேசியோ காட்டிப் பாடம் நடத்துகிறார் என்றால் கேசியோவே வாங்குங்கள். மெனு வேறுபாட்டில் வீணாகும் நேரம் அதிகம். பல்கலைக்கழகப் பாடத்துக்காக மட்டும் இதைப் புதிதாக வாங்க வேண்டாம், கணினியில் ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது.

தேர்வுக்கு முன் நினைவகத்தை அழிக்க: '2ஆம்' விசை, கூட்டல் விசை, 7 ரீசெட், 1 ஆல் ராம், 2 ரீசெட். பட்டியல்கள் காலியாகும், கோண அளவு ரேடியனுக்குத் திரும்பும்.