கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி: வாங்குமுன் 2267-ஆம் பத்தியைப் பாருங்கள்

கத்தோலிக்கத் திருச்சபையின் போதனை காலப்போக்கில் மாறியிருக்கிறதா என்ற கேள்விக்கு இரண்டு பதில்கள் எப்போதும் ஆயத்தமாக இருக்கின்றன. இரண்டாயிரம் ஆண்டுகளாக ஓர் எழுத்துகூட மாறவில்லை என்கிறார்கள் சிலர். காலத்துக்குத் தக்கபடி எல்லாமே மாற்றப்பட்டுவிட்டது என்கிறார்கள் வேறு சிலர். ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணத்தை வாய்விட்டுச் சொல்கிறவன் என்ற முறையில் இந்தக் கேள்வியை என்னால் ஒதுக்கிவைக்க முடியவில்லை. அதற்காகவே, திருச்சபையின் போதனையைத் தொகுத்துச் சொல்லும் அதிகாரபூர்வ நூலான ‘கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி’யை வாங்கி, தொடக்கத்திலிருந்து கடைசிவரை அடிக்குறிப்புகளோடு சேர்த்துப் படித்தேன். செபத்துக்கும் மறைக்கல்வி வகுப்புக்கும் அது எவ்வளவு பயன்படும் என்பது பலரும் எழுதிய விஷயம். இந்த ஒரு கேள்விக்கு அது எவ்வளவு தூரம் கைகொடுக்கிறது என்பதை மட்டும் இங்கே மதிப்பிடுகிறேன்.

உலகெங்குமுள்ள ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் தொடங்கி முப்பது ஆண்டுகள் நிறைவடைந்த 1992 அக்டோபர் 11 அன்று, திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இந்த நூலை வெளியிட ஆணையிட்டார். தயாரிப்புக் குழுவின் தலைவராக இருந்தவர், பின்னாளில் பதினாறாம் பெனடிக்ட் ஆன கர்தினால் ராட்சிங்கர். முதலில் பிரெஞ்சு மொழியில் வந்தது. 1997-இல் வெளியான இலத்தீன் பதிப்பே மற்ற மொழிபெயர்ப்புகளுக்கு மூலம். விசுவாசம், அருட்சாதனங்கள் எனப்படும் புனிதச் சடங்குகள், ஒழுக்க வாழ்வு, செபம் என்ற நான்கு பகுதிகளில் 2865 பத்திகள் எண்ணிடப்பட்டிருக்கின்றன. பக்க ஓரத்தில் தொடர்புடைய பிற பத்திகளின் எண்கள் தரப்பட்டிருப்பதால், ஒரு கருத்தைப் பிடித்துக்கொண்டு நூல் முழுவதும் பயணிக்க முடிகிறது. இந்த அமைப்பு மிகவும் நேர்த்தியானது.

முதலில் நிறைவு தந்த இடங்களைச் சொல்கிறேன். இறைவெளிப்பாடு கிறிஸ்துவில் முழுமை பெற்றுவிட்டது, இனிப் புதிய பொது வெளிப்பாடு எதுவும் வராது என்று 66-ஆம் பத்தி கூறுகிறது. ஆனால் அதைப் புரிந்துகொள்ளும் திறன் திருச்சபையில் வளர்ந்துகொண்டே போகும் என்பதையும் 94-ஆம் பத்தி ஒப்புக்கொள்கிறது. கிறிஸ்து யார் என்ற விளக்கம் படிப்படியாகத் தெளிவான கதையை 465 முதல் 468 வரையிலான பத்திகள் நைசியா 325, எபேசு 431, கால்செதோன் 451, கான்ஸ்தாந்திநோபிள் 553 என்று பொதுச்சங்கங்கள் கூடிய இடங்களோடும் ஆண்டுகளோடும் சொல்கின்றன. எனக்கு மிகவும் பிடித்தது ஒப்புரவு அருட்சாதனத்தைப் பற்றிய 1447-ஆம் பத்தி. தொடக்க நூற்றாண்டுகளில் கொடிய பாவம் செய்தவர்கள் பல ஆண்டுகள் பகிரங்கமாகத் தவம் செய்தார்கள். சில பகுதிகளில் வாழ்நாளில் ஒரே முறைதான் அந்த வாய்ப்புக் கிடைத்தது. குருவிடம் தனியாகப் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தன வழக்கத்தை 7-ஆம் நூற்றாண்டில் ஐரிஷ் மறைபரப்பாளர்களே ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தார்கள். இவை அனைத்தையும் ஒளிக்காமல் சொல்லிவிட்டு, வடிவம் மாறினாலும் மனம் திரும்புதலும் கடவுளின் மன்னிப்பும் என்ற அடிப்படை மாறவில்லை என்று அடுத்த பத்தி விளக்குகிறது. ஒரு வளர்ச்சியை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

இதே நேர்மை 2298-ஆம் பத்தியிலும் உண்டு. கடந்த காலத்தில் சட்டபூர்வமான அரசுகள் சித்திரவதையைக் கையாண்டன, பல வேளைகளில் திருச்சபையின் மேய்ப்பர்கள் அதை எதிர்க்கவில்லை, தங்கள் நீதிமன்றங்களிலேயே உரோமைச் சட்டத்தின் சித்திரவதை விதிகளைக் கடைப்பிடித்தார்கள் என்று அந்தப் பத்தி கூறுகிறது. இந்தக் கொடுமைகள் தேவையற்றவை, மனித உரிமைக்கு விரோதமானவை என்பது அண்மைக் காலத்தில் தெளிவாகியிருக்கிறது என்றும் சேர்த்துக்கொள்கிறது. விசாரணையில் சித்திரவதைக்கு இடமளித்து 1252-இல் திருத்தந்தை நான்காம் இன்னோசென்ட் பிறப்பித்த ஆணை பெயர் சொல்லிக் குறிப்பிடப்படவில்லை என்பது குறைதான். ஆயினும் ஒரு திருச்சபை தன் அதிகாரபூர்வ நூலில் இப்படி எழுதியதைப் படித்தபோது எனக்கு அதன் மீதான மதிப்புக் கூடியது.

மரணதண்டனையைப் பற்றிய 2267-ஆம் பத்திக்கு வந்தால் நூலே சாட்சியாக மாறிவிடுகிறது. இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் புதிய பிரதி என்று நம்பி வாங்கியது, பிரித்துப் பார்த்தபோது பழைய அச்சாக இருந்தது. முதலில் ஏமாற்றமாக இருந்தாலும், திருத்தப்பட்ட அச்சையும் வாங்கி இரண்டையும் மேசையில் அருகருகே விரித்துவைத்தபோதுதான் அந்தத் தவறு எனக்கு எவ்வளவு உதவியிருக்கிறது என்று புரிந்தது. அநியாயமாகத் தாக்குபவரிடமிருந்து மனித உயிர்களைக் காக்க வேறு வழியே இல்லையென்றால், திருச்சபையின் மரபுவழிப் போதனை மரணதண்டனையை விலக்குவதில்லை என்கிறது பழைய பக்கம். அத்தகைய சூழ்நிலை இன்று ஏறத்தாழ இல்லை என்று இரண்டாம் யோவான் பவுல் 1995-இல் திருச்சபை முழுவதற்கும் எழுதிய சுற்றுமடலை அடியொற்றி முடிக்கிறது. 2018-இல் திருத்தந்தை பிரான்சிஸ் மாற்றிய பக்கத்திலோ மரணதண்டனை ஏற்கத்தகாதது, அது மனிதரின் மாண்பின் மீதான தாக்குதல், உலகெங்கும் அதை ஒழிக்கத் திருச்சபை உறுதியோடு உழைக்கிறது என்று இருக்கிறது. அடிக்குறிப்பில் மேற்கோளாக நிற்பது 2017 அக்டோபர் 11 அன்று அவர் ஆற்றிய உரை மட்டுமே. பத்தி எண் ஒன்றுதான். முடிவு மட்டும் வேறு.

இது முரண்பாடு அல்ல, போதனையின் முறையான வளர்ச்சிதான் என்று வத்திக்கான் அப்போதே விளக்கம் தந்தது. அதைப் பாதி ஏற்கிறேன். மனித மாண்பு என்ற வேர் பழையது. அதிலிருந்து கிடைத்த முடிவு புதியது. 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், திருச்சபையிலிருந்து பிரிந்துபோய்த் திரும்பி வந்த வால்தேன்சியர் என்ற குழுவினரிடம், அரசு மரணதண்டனை விதிப்பதால் பாவம் ஆகாது என்று அறிக்கையிடும்படி கேட்டார் திருத்தந்தை மூன்றாம் இன்னோசென்ட். திருத்தந்தையின் ஆட்சிப்பகுதியில் 1870 வரை மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது. வத்திக்கான் நகர அரசின் சட்டத்திலும் 1929 முதல் 1969 வரை அதற்கு இடமிருந்தது. புதிய பத்தி இவற்றையெல்லாம், நெடுங்காலமாக மரணதண்டனை தகுந்ததாகக் கருதப்பட்டது என்ற ஒரே வாக்கியத்துக்குள் அடக்கிவிடுகிறது. யார் அப்படிக் கருதினார்கள் என்பதைச் சொல்லியிருக்க வேண்டும். மேலும், இன்றைய சிறைகள் போதிய பாதுகாப்பானவை என்ற காலத்தைச் சார்ந்த காரணத்தையும், மாண்பு என்ற காலத்தைச் சாராத காரணத்தையும் ஒன்றாகக் கட்டியிருப்பதால், முன்பு அது சரியாக இருந்ததா, எப்போதுமே தவறுதானா என்று கேட்கிற வாசகருக்கு அந்தப் பத்தியில் விடை இல்லை.

சமய சுதந்திரம் பற்றிய 2104 முதல் 2109 வரையிலான பத்திகள்தான் எனக்குப் பெரும் மனக்குறை. மனச்சான்றின் சுதந்திரமும் வழிபாட்டுச் சுதந்திரமும் ஒவ்வொரு மனிதரின் உரிமை, அதைச் சட்டம் அறிவிக்க வேண்டும் என்ற கருத்தை 1864-இல் திருத்தந்தை ஒன்பதாம் பயஸ் தம் சுற்றுமடலில் கண்டித்தார். 1965 டிசம்பர் 7 அன்று இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கத் தந்தையர் 2308 பேர் ஆதரவாகவும் 70 பேர் எதிராகவும் வாக்களித்த பின் வெளியான அறிக்கை, சமய சுதந்திரம் மனித மாண்பிலேயே வேரூன்றிய உரிமை என்று அறிவித்தது. மறைக்கல்வி இந்த இரண்டாவது போதனையைத் தருகிறது. அந்த உரிமைக்கு எல்லை உண்டு என்று சொல்லும் 2109-ஆம் பத்தியின் அடிக்குறிப்பில், அதே 1864 சுற்றுமடலை, எந்த மாறுதலும் நடவாதது போல ஆதாரமாகக் காட்டுகிறது. அடிக்குறிப்பைத் தேடிப்போய் மூலத்தைப் படிக்காதவருக்கு இடையில் நூறு ஆண்டுகள் நடந்த போராட்டம் தெரியவே வாய்ப்பில்லை. அரசு பற்றிய அன்றைய அச்சங்கள் வேறு, பொதுச்சங்கம் பேசிய உரிமை வேறு என்று விளக்க அறிஞர்கள் இருக்கிறார்கள். அந்த விளக்கத்துக்கு நூலில் நான்கு வரி ஒதுக்கியிருக்கலாம்.

அடிமைமுறையிலும் இதே மௌனம்தான். மனிதரை அடிமைப்படுத்துவதை 2414-ஆம் பத்தி ஐயத்துக்கு இடமின்றித் தடைசெய்கிறது. பிற சமயத்தாரை நிரந்தர அடிமைகளாக்கப் போர்த்துகீசிய மன்னருக்கு 1452-இல் ஐந்தாம் நிக்கோலாஸ் வழங்கிய அனுமதியைப் பற்றியும், 1839-இல் பதினாறாம் கிரகோரி அடிமை வணிகத்தைக் கண்டித்ததைப் பற்றியும் அங்கே ஒரு சொல்கூட இல்லை. வட்டிக்குக் கடன் கொடுப்பது பாவமல்ல என்று பிடிவாதமாகச் சாதிப்பவரைத் தப்பறைக்காரராக, அதாவது விசுவாசத்துக்கு மாறானதைப் போதிப்பவராகக் கருத வேண்டும் என்று பிரான்சின் வியன் நகரில் கூடிய பொதுச்சங்கம் 1312-இல் தீர்மானித்ததும் இந்த நூலில் கிடைக்காது.

வளர்ச்சி என்றால் என்ன என்பதற்கு 5-ஆம் நூற்றாண்டிலேயே லெரின்ஸ் தீவின் துறவி வின்சென்ட் ஓர் உவமை தந்தார்: குழந்தை பெரியவராவது வளர்ச்சி, ஒன்று வேறொன்றாகிப்போவது மாற்றம். கிறிஸ்துவைப் பற்றிய விசுவாசத்துக்கும் அருட்சாதனங்களுக்கும் அந்த உவமை முழுமையாகப் பொருந்துகிறது என்பதை இந்த நூல் எனக்கு உறுதிப்படுத்தியது. அரசு, தண்டனை, உரிமை ஆகியவற்றைப் பற்றிய போதனையில் அது பொருந்தாத இடங்கள் இருக்கின்றன என்பதையும் இதே நூலின் இரண்டு பிரதிகள்தான் எனக்குக் காட்டின.

வாங்க நினைப்பவர்கள் 2018-க்குப் பிந்தைய அச்சா என்பதை 2267-ஆம் பத்தியைத் திறந்து உறுதிசெய்துகொள்ளுங்கள். பழைய பிரதி வீட்டில் இருந்தால் அதைத் தூக்கிப்போடாதீர்கள். மேற்கோள் அட்டவணை இல்லாத சுருக்கப் பதிப்புகள் இந்தத் தேடலுக்கு உதவா. என் பிரதியில் 2109-க்கு அருகே 1864 என்றும் 1965 என்றும், 2414-க்கு அருகே 1452 என்றும் 1839 என்றும் பென்சிலால் எழுதிவைத்திருக்கிறேன். அடுத்த திருத்தப் பதிப்பில் இந்த ஆண்டுகள் அச்சிலேயே வர வேண்டும்.