ஸ்குவாட்டா, குதிப்புப் பயிற்சியா: எம்பலைக் கூட்டுவது எது?

வாலிபால் ஆடும் பையன்கள் ஜிம்மில் கால் வைத்ததும் கேட்பது, "எத்தனை கிலோ ஸ்குவாட் போட்டா ஜம்ப் ஏறும்?" என்பதுதான். எடைக் கம்பியைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவதுதான் ஸ்குவாட். கிலோ ஏறினால் உயரமும் ஏறும் என்ற கணக்கு.

1994-ல் பாபர்ட், வான் சூஸ்ட் என்ற நெதர்லாந்து ஆய்வாளர்கள் கணினி மாதிரி ஒன்றைக் குதிக்க வைத்தார்கள். தசைகளின் பலத்தைக் கூட்டிவிட்டு, எந்தத் தசை எப்போது இயங்கும் என்ற நேரத்தை மட்டும் பழையபடி விட்டார்கள். குதிக்கும் உயரம் குறைந்தது! புதுப் பலத்துக்கேற்ப நேரத்தைத் திருத்திய பிறகே கூடியது.

காரணம் வரிசையில் இருக்கிறது. எம்பும்போது முதலில் இடுப்பு நிமிரும், அடுத்து முழங்கால், கடைசியில் கணுக்கால். கெண்டைக்கால் தசை முழங்காலையும் கணுக்காலையும் சேர்த்துப் பிடித்திருப்பதால், முழங்கால் நிமிரும் விசை அதன் வழியே குதிகாலுக்குப் போகிறது. கணுக்கால் முந்திக்கொண்டால், தொடையின் பலம் தீருமுன்பே பாதம் தரையை விட்டுவிடும்.

ஸ்குவாட் இந்த வரிசையைச் சரியாகச் சொல்லித் தராது. கம்பி தோளில் இருப்பதால் கை வீச வழியில்லை. கை வீச்சு தரும் உயரமோ கொஞ்சநஞ்சமல்ல. மேலே வரும்போது வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். தசை முழு விசையை எட்ட சுமார் 0.3 நொடி வேண்டும். உயரம் தாண்டுபவரின் கால் தரையில் இருப்பது 0.2 நொடிக்கும் குறைவு; மெதுவான ஸ்குவாட் அந்த அவசரத்தைப் பழக்காது. ஆனால் எடையை அளந்து, படிப்படியாக ஏற்றலாம். அடித்தளம் இல்லாதவருக்கு அது பெரிய வசதி.

1960-களில் சோவியத் பயிற்சியாளர் வெர்கோஷான்ஸ்கி பிரபலப்படுத்திய முறையில் பெட்டியிலிருந்து இறங்கி, பாதம் பட்டதும் எம்ப வேண்டும். நேரத்தைப் பழக்க இதற்கு ஈடு இல்லை. விலை கொடுப்பது முழங்கால்: சிமெண்ட் தரையில் தினமும் குதித்தால் முழங்கால்சில்லுக்குக் கீழே வலி வந்து உட்கார்ந்துகொள்ளும். வாரம் இரண்டு நாள் போதும். குதிகால் 'தொம்' என்று விழுந்தால் பெட்டி உயரம் அதிகம்.

காலில் எடைப் பட்டை கட்டிக் குதிப்பதை நான் போட்டியிலேயே சேர்க்கவில்லை. பழக வேண்டிய நேரத்தையே அது மாற்றிவிடுகிறது.

இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் மடிகிறவர் முதலில் ஸ்குவாட்டைப் பிடிக்கட்டும். ஏற்கெனவே நல்ல எடை தூக்குகிறவர் இன்னும் தட்டு மாட்டுவது வீண். உங்களுக்கு எது என்று தெரிய விரலில் சாக்பீஸ் தடவி, சுவரோரம் இருமுறை குதியுங்கள்: பாதி உட்கார்ந்து மூன்று நொடி நின்று ஒருமுறை, நின்றபடியே சட்டென்று தாழ்ந்து எம்பி ஒருமுறை. இரண்டு கோடுகளும் ஒட்டிக் கிடந்தால் பெட்டியைத் தேடுங்கள்.