சின்ன டப்பா, 120 வெள்ளி: பினாங்கில் நான் எடுத்த விந்துப் பரிசோதனை

ஜார்ஜ் டவுனில் ரொட்டி சானாய் போடுகிறவன் நான். வயது 36. காலை ஐந்தரைக்குக் கல் சூடேறினால் மத்தியானம் ஒரு மணிவரை இடுப்புக்கு நேரே நெருப்பு. இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, பிறகு வருகிறேன்.

கல்யாணமாகி நாலு வருடம், பிள்ளை இல்லை. இந்த நாலு வருடத்தில் என் மனைவி எத்தனை தடவை ரத்தம் கொடுத்தாள் என்பதற்குக் கணக்கில்லை. ஸ்கேன் பார்த்தாள். கருக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார்கள், அன்றைக்கு வீடுவரை உதட்டைக் கடித்துக்கொண்டே வந்தாள். மூன்று தைப்பூசம் பால்குடத்தோடு தண்ணீர்மலையின் 513 படியும் ஏறினாள். நான் தேங்காய் உடைத்தேன். அவ்வளவுதான் என் பங்கு.

அவளுடைய ரிப்போர்ட்டுகள் எல்லாம் நல்லபடியாக வந்தன. கடைசியாகப் பார்த்த டாக்டரம்மா கண்ணாடிக்கு மேலாக என்னை நிமிர்ந்து பார்த்து, "நீங்க டெஸ்ட் எடுத்தாச்சா?" என்று கேட்டார். எனக்கு எதற்கு என்று வாய்வரை வந்துவிட்டது. பிள்ளை தங்காத தம்பதிகளில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஆண் பக்கமும் காரணம் இருக்குமாம். ஒரு வருடம் முயன்றும் தங்கவில்லை என்றால் இரண்டு பேரும் ஒன்றாகவே பரிசோதிக்க வேண்டுமாம். மனைவிக்கு 35 தாண்டியிருந்தால் ஆறு மாதத்திலேயே. நாங்கள் நாலு வருடம் கழித்துப் போய் நின்றோம்.

முதலில் போன கிளினிக்கின் பெயர் வேண்டாம். கூடம் நிறைய ஆட்கள். கவுண்டரில் இருந்த பெண் எழுந்து நின்று, "ஸ்பெர்ம் டெஸ்ட் யாரு?" என்று கத்தினாள். மூன்றாவது நாற்காலியில் தினமும் என்னிடம் ரொட்டி தெலூர் வாங்கும் அங்கிள். "என்ன தம்பி, இன்னைக்குக் கடை லீவா?" என்றார். மாதிரி எடுக்கக் கொடுத்த இடம் நோயாளிகளுக்கான பொதுக் கழிவறை, தாழ்ப்பாள் பாதிதான் விழும். விந்து வெளியேற்றாமல் எத்தனை நாள் விலகியிருந்தாய் என்று ஒருவர் கேட்கவில்லை. டப்பாவில் முழுதும் விழுந்ததா என்றும் கேட்கவில்லை. ரிப்போர்ட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி, கீழே '20 மில்லியனுக்குக் குறைவு'. விளக்கம் வேண்டுமென்றால் டாக்டருக்கு வேறு தேதி, வேறு கட்டணம். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை.

இனி இரண்டாவது இடம். இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். ஆனால் அதன் பெயரையும் போட மாட்டேன், மனைவிக்குக் கொடுத்த வாக்கு. தீவுப் பக்கம், ஒரு கடைவீட்டின் இரண்டாவது மாடி. பரிசோதனைக்கு 120 வெள்ளி.

போன் செய்து தேதி வாங்கும்போதே கேள்விகள் ஆரம்பித்துவிட்டன. இரண்டு நாளுக்குக் குறையாமல், ஏழு நாளுக்கு மேற்படாமல் விலகியிருக்க வேண்டும். கடந்த மூன்று மாதத்தில் காய்ச்சல் உண்டா? உண்டு, இரண்டு மாதம் முன்பு டிங்கி வந்து படுத்திருந்தேன். அந்தப் பக்கம் பேனா ஓடும் சத்தம் கேட்டது. உடம்பு ஏற்ற ஊசி ஏதாவது? இல்லை. ஜிம்முக்குப் போகும் என் மச்சான் போடுகிறான். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் போனால் உடம்பு தன் உற்பத்தியை நிறுத்திக்கொள்ளும், விந்தணு பூஜ்யம்வரைகூட இறங்கும் என்று சொன்னார்கள். அன்றைக்கே அவனைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். நம்பவில்லை, நம்பாவிட்டால் போகட்டும்.

அங்கே பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, கையில் ஒரு எண். லேபில் இருந்தது நம் பெண், இருபத்தைந்து வயது இருக்கும். தங்கச்சி முகத்தில் சிரிப்பும் இல்லை, கூச்சமும் இல்லை. "அண்ணே, உள்ள பூட்டு இருக்கு, யாரும் தட்ட மாட்டாங்க. எச்சில், எண்ணெய், சோப்பு எதுவும் படக்கூடாது. முதல்ல வர்றது கீழ போயிட்டா மறைக்காம சொல்லிடுங்க, அதுலதான் அணு அதிகம்." நான் டப்பாவையே பார்த்துக்கொண்டு தலையாட்டினேன். வீட்டில் எடுத்துக்கொண்டு வருவதென்றால் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்து ஒரு மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும். பாயான் லெப்பாஸ் நெரிசலில் அதை நம்ப முடியாது, அங்கேயே எடுங்கள்.

அறை சின்னது, சுத்தமானது. ஏர்கோன்தான் கொஞ்சம் அதிகக் குளிர். சுவரில் மாட்டியிருந்த மலைக்காட்சியை இப்போதும் கண்ணை மூடிக்கொண்டு வரைந்துவிடுவேன்.

கீழே கோப்பிக்கடையில் மனைவி காத்திருந்தாள். எத்தனையோ கிளினிக் வாசலில் நான் அப்படி உட்கார்ந்து போன் நோண்டியிருக்கிறேன். "என்னங்க, இவ்வளவு நேரமா?" என்றாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

டாக்டர் சீனர், ஐம்பது வயது இருக்கும். ரிப்போர்ட்டைக் காட்டுவதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்துப் படம் போட்டார். விதையில் உருவாகிற அணு, அதன் பின்னால் சுருண்டு ஒட்டியிருக்கும் ஒரு குழாயில் முதிர்கிறது. அந்தக் குழாயைப் பிரித்து நீட்டினால் ஏறக்குறைய 6 மீட்டர். வெளியே வரும் நீரில் பெரும்பகுதி விந்துப்பையிலும் புரோஸ்டேட்டிலும் சுரப்பது, அணுவின் பங்கு மிகச் சிறிது. ஆக, அளவையோ கெட்டியையோ பார்த்து ஆண்மையை எடைபோடும் கடைப்பேச்சு அத்தனையும் சும்மா. ஓர் அணு உருவாகச் சுமார் 74 நாள் ஆகும். அதனால்தான் டிங்கியைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். காய்ச்சலில் வெந்த தொகுதிதான் இப்போது வெளியே வருகிறதாம்.

என் எண்ணிக்கை மில்லிக்கு 9 மில்லியன், நகர்வது 28 விழுக்காடு. உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட கையேட்டின்படி கீழ்வரம்பு 16 மில்லியன், நகர்வு 42 விழுக்காடு. முதல் கிளினிக் போட்டிருந்த 20 மில்லியன், 1999 பதிப்பின் கணக்கு! "ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவு சொல்லக்கூடாது, மூன்று மாதம் கழித்து வா" என்றார். பிறகு நிற்கச் சொல்லி, மூச்சைப் பிடித்து முக்கச் சொல்லித் தொட்டுப் பார்த்தார். இடப்பக்கம் விதைக்கு மேலே ரத்த நரம்பு புடைத்திருந்தது. என் கையாலேயே தொடவைத்தார், பிழிந்து வைத்த இடியாப்பம் மாதிரி இருந்தது. 36 வருடம் என் உடம்போடு வாழ்ந்திருக்கிறேன், எனக்குத் தெரியாது.

இதற்குப் பெயர் வேரிகோசீல். ஆண்களில் 100க்கு 15 பேருக்கு இருக்கும், பலருக்கு ஒரு தொந்தரவும் தராது. இடப்பக்கம் அதிகம் வருவதற்குக் காரணம், அந்தப் பக்கத்து ரத்தக்குழாய் மேலே போய்ச் சிறுநீரகத்தின் ரத்தக்குழாயில் செங்குத்தாக முட்டிச் சேர்கிறது. வலப்பக்கத்தில் பெரிய குழாயில் சாய்வாகச் சேர்வதால் ஓட்டம் சுலபம். தேங்கும் ரத்தம் சூட்டைக் கூட்டும். விதைப்பை வெளியே தொங்குவதே உடம்பைவிட 2 முதல் 4 டிகிரி குறைவான சூட்டில் வேலை நடக்கத்தான். கேட்டதும் எனக்கு ரொட்டிக் கல் ஞாபகம் வந்துவிட்டது. அந்தச் சூடும் உதவி செய்யாது, ஆனால் அதன் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார். வேலையை விடச் சொல்லவில்லை. தளர்ந்த உடை, இடையிடையே கல்லைவிட்டு விலகி நிற்பது, சிகரெட்டை நிறுத்துவது. கடைசியதுதான் கஷ்டம்.

குறையும் உண்டு. கொடுத்த நேரம் பத்து, டாக்டரைப் பார்த்தது பதினொன்றே முக்கால். கார் நிறுத்த இடமே கிடையாது. தாளில் தமிழும் இல்லை, மலாயும் இல்லை, எல்லாம் ஆங்கிலம். அந்தத் தங்கச்சி இல்லாவிட்டால் பாதி புரிந்திருக்காது.

அதே வாரம் அம்மா சுங்கை பட்டாணியிலிருந்து என் மனைவிக்குப் போன் போட்டு, கர்ப்பப்பைக்கு ஒரு லேகியம் அனுப்புகிறேன் என்றார். போனை நான் வாங்கினேன். "அம்மா, குறை என்கிட்ட இருக்கு. லேகியம் வேணாம்." அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "ரொட்டி போடுற இடத்துல ஃபேன் இருக்காய்யா?" என்று கேட்டார்.

மூன்று மாதம் கழித்து வந்த எண் 14 மில்லியன், நகர்வு 37. டிங்கி போன வகையில் ஏறியது அவ்வளவு, மிச்சம் நரம்பின் கணக்கு. நுண்ணோக்கி வைத்து அந்த நரம்பைக் கட்டிவிடும் ஆபரேஷன் இருக்கிறது, பலருக்கு எண் உயரும், எல்லாருக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன் என்றார் டாக்டர். அப்படிச் சொன்னதாலேயே அவரிடம் செய்துகொள்ளலாம் என்று தோன்றியது. இந்த இடத்துக்கு ஐந்துக்கு நாலு கொடுப்பேன்.

தீபாவளி கழிந்ததும் தேதி. முதலாளியிடம் இரண்டு வாரம் லீவு கேட்டேன். எதற்கு என்றார். நரம்பு ஆபரேஷன் என்றேன். எங்கே என்று கையைப் பார்த்தார், அவருக்கு ரொட்டி கவலை. மாவை வீசிக் கல்லில் போட்டுவிட்டு, "கை இல்ல பாஸ், கீழே" என்றேன்.